நடைபிணத் திரளும் தப்பிப் பிழைத்தோரின் உபாயங்களும்: கொழும்பு நகரை முன்வைத்து ஒரு நோக்கு

1

பெருந்திரளாக நகர்ந்துவரும் நடைபிணங்களிடமிருந்து எஞ்சிய சிலர் எவ்வாறு தப்புகின்றனர் என்பதைப் பொருளாகக் கொண்ட கதைகள் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் பெருகி வந்துள்ளன. நாவல், சித்திரக்கதை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகிய வடிவங்கள் அனைத்திலும் அவை இடம்பிடித்துள்ளன. 2016ஆம் ஆண்டு சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் வெளிவந்த ‘மிருதன்’ மூலம் தமிழ்த் திரையிலும் இவ்வகை கால்கொண்டது. எமது மாணவர் இவற்றை ஆர்வத்தோடு நாடுகின்றனர். எமது விமர்சகரோ இவற்றை மலினமான பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட்டு மேலே செல்கின்றனர். இவ்வொதுக்கல் நியாயமானதன்று. ஒரு சமுதாயத்தின் இலட்சியங்களை அதன் உயர் இலக்கியத்திற் காணலாம் எனின், அதன் அச்சங்களைச் சனரஞ்சகக் கலையிலேயே தெளிவுறக் காணலாம்.

இக்கதைகளின் உயிர்நாடி உபாயத்தில் உள்ளது. ஆயுத பலத்தால் வெல்ல இயலாத ஒரு திரளை அறிவினால் எவ்வாறு ஏய்ப்பது, திசைதிருப்புவது, கடந்துசெல்வது என்ற வினாவே வாசகனை இறுதிவரை இழுத்துச் செல்கின்றது. அவ்வுபாயங்கள் யாவும் திரளைப் பற்றிய ஒரு கருத்தை முற்கோளாகக் கொண்டவை. திரள் எத்தகையது என முதலில் தீர்மானித்துக்கொண்ட பின்னரே அதனை ஏய்க்கும் வழியை வகுத்தல் கூடும். அத்தீர்மானம் யாருடையது, அது உண்மையோடு பொருந்துகின்றதா என்பனவே ஈண்டு நாம் ஆராய முற்படுவன.

இவ்வாராய்ச்சிக்குக் கொழும்பு நகரைக் களமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. 1983 ஜூலை மாத இறுதியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு, தெருவில் நெருங்கிவரும் கூட்டத்தின் ஓசையைக் கேட்டிருந்தன. நடைபிணக் கதைகள் யாவற்றுக்கும் மூலமான காட்சி இதுவே. பிற நாட்டு வாசகர் கற்பனையாகக் கொள்வதை எமது வாசகர் நினைவாகவும் கொள்கின்றனர். ஆதலின் கற்பனைத் திரளையும் வரலாற்றுத் திரளையும் அருகருகே வைத்து நோக்கும் கடமை எமது விமர்சனத்துக்கு உண்டு.

2

தமிழில் ‘நடைபிணம்’ பழகிய சொல். உழைத்து ஓய்ந்தவனையும் துயரினால் உணர்விழந்தவனையும் அவ்வாறு குறிப்பிடுவது வழக்கம். அச்சொல்லில் அச்சத்திலும் பார்க்க இரக்கமே மிகுதியாக உள்ளது. மேலைநாட்டார் ஸொம்பி என வழங்கும் உருவமும் தோற்றத்தில் இத்தகையதே. ஹைற்றித் தீவில் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட ஆபிரிக்க அடிமைகளுக்கு மரணம் ஒன்றே விடுதலையாகத் தோன்றியது. மரித்த பின்னரும் மந்திரவாதி ஒருவனால் எழுப்பப்பட்டு, சித்தமின்றி உழைக்க நேரும் என்பதே அவர்தம் வழிவந்தோர் அஞ்சிய பெருங்கொடுமை. 1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்கப் படைகள் அத்தீவை ஆக்கிரமித்திருந்தன. அக்காலத்திலே வில்லியம் சீபுறூக் எழுதிய ‘மந்திரத் தீவு’ (1929) இந்நம்பிக்கையை ஆங்கில வாசகரிடம் கொண்டு சென்றது. அந்நூலில் நடைபிணங்கள் அமெரிக்கச் சீனிக் கொம்பனி ஒன்றின் கரும்புக் காட்டிற் கூலிவேலை செய்கின்றன. 1932ஆம் ஆண்டின் ‘வெள்ளை ஸொம்பி’ திரைப்படத்திலும் அவை சீனி ஆலையிற் சுழலும் கூலிகளாகவே காட்சி தருகின்றன.

மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ (1867) நூலில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பாக மூலதனத்தை உருவகித்தமை நாம் அறிந்ததே. ஹைற்றி உழவன் அதே உண்மையை மறுபுறத்திலிருந்து, உறிஞ்சப்பட்டவனது நிலையிலிருந்து, கதையாகக் கண்டான் எனலாம்.

1968ஆம் ஆண்டு ஜோர்ஜ் றொமேறோ இயக்கிய ‘உயிருள்ள பிணங்களின் இரவு’ இம்மரபைத் தலைகீழாக்கியது. அதில் மந்திரவாதி இல்லை, எசமான் இல்லை, தோட்டமும் இல்லை. பசி மட்டும் எஞ்சியுள்ளது. தனித்து உழைத்த பிணம் கூட்டமாகித் தின்னும் பிணமாகின்றது. இரக்கத்துக்குரிய கூலி அச்சத்துக்குரிய திரளாக மாறியமை வெறும் கலை உத்தி சார்ந்த மாற்றமன்று. பாரிஸ் கொம்யூனின் அதிர்ச்சியைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த குஸ்தாவ் லெ பொன், 1895இல் வெளியிட்ட கூட்ட உளவியல் நூலில், கூட்டத்திற் சேர்ந்த மனிதன் பகுத்தறிவை இழக்கின்றான் என்றும், உணர்ச்சி ஒருவரிலிருந்து மற்றவருக்கு நோய்போலத் தொற்றுகின்றது என்றும் வாதித்தார். நடைபிணத்தின் கடி இத்தொற்றுக் கோட்பாட்டின் உடல்வடிவம் என்பது மனங்கொள்ளத்தக்கது. லெ பொன் போன்றோருக்கு மறுமொழியாக அமைந்தவை ஜோர்ஜ் ருடே என்னும் மார்க்சிய வரலாற்றாசிரியரின் ஆய்வுகள். பொலிஸ் ஏடுகளையும் வழக்கு ஏடுகளையும் துருவிய அவர், ‘வரலாற்றிற் கூட்டம்’ (1964) முதலிய நூல்களில், பாமரர் கும்பல் என இகழப்பட்டோரிடையே தச்சரையும் கடைக்காரரையும் நாட்கூலிகளையும் இனங்கண்டார். அவர்களுக்குப் பெயர் இருந்தது; தொழில் இருந்தது; பாணின் விலை முதலாகப் பல காரணங்களும் இருந்தன.

திரளைக் காட்டும் எந்தக் கதையையும் இவ்விரு நோக்குகளுக்கும் இடையே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

3

இக்கதைகளில் வரும் உபாயங்கள் எண்ணற்றவைபோலத் தோன்றினும் அவற்றை நான்கு வகைக்குள் அடக்கலாம்.

முதலாவது மதில். 1968ஆம் ஆண்டுப் படத்திற் பண்ணை வீட்டின் கதவுகளும் சாளரங்களும் பலகை அறைந்து அடைக்கப்படுகின்றன. றொமேறோவின் ‘பிணங்களின் விடியல்’ (1978) படத்தில் நால்வர் ஒரு பெரும் விற்பனை வளாகத்தைக் கோட்டையாக்கி, பண்டங்களின் நடுவே வாழ்கின்றனர். அக்கோட்டை ஈற்றில் உயிருள்ள கொள்ளைக்காரராலேயே உடைக்கப்படுகின்றது. மதில் திரளைத் தடுக்கும். உடைமை வேட்கையைத் தடுக்காது என்பதை இயக்குநர் உணர்ந்துள்ளார்.

இரண்டாவது திசைதிருப்பல். திரள் ஓசையையும் ஒளியையும் நாடும் என்பது இவ்வகைக் கதைகளின் விதி. றொபேட் கேர்க்மனின் சித்திரக்கதையைத் தழுவிய ‘நடக்கும் பிணங்கள்’ தொலைக்காட்சித் தொடரில், 2015ஆம் ஆண்டுப் பகுதியொன்றில், கற்குழியொன்றில் அடைபட்ட பெருந்திரளை வாகனங்கள் மெல்ல முன்செல்ல ஊரைவிட்டு அப்பால் இட்டுச் செல்கின்றனர். வேறொரு திசையில் எழும் ஊதுகுழல் ஓசை திரளிற் பாதியை ஊரை நோக்கித் திருப்பிவிடுகின்றது.

மூன்றாவது வேடம். பிணத்தின் குடரையும் குருதியையும் உடலிற் பூசிக்கொண்டு திரளிற் கலந்து நடத்தல் இதன்பாற்படும். கேர்க்மனின் கதையில் மழை பெய்து அவ்வேடத்தைக் கழுவிவிடும் கட்டம் புகழ்பெற்றது.

நான்காவது இரை. சிலரை விட்டுக்கொடுத்துப் பலரைக் காத்தல் என்ற பெயரில் நிகழ்வது இது. மக்ஸ் புறூக்ஸ் எழுதிய ‘உலகப் போர் இஸட்’ (2006) நாவலில் வரும் றெடெக்கர் திட்டம் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. தென் ஆபிரிக்க நிறவெறி ஆட்சிக்காக, கறுப்பின மக்களின் எழுச்சியைச் சமாளிக்கவெனத் தீட்டப்பட்ட திட்டமொன்று, நடைபிணங்களுக்கு எதிரான திட்டமாகத் திருத்தப்படுகின்றது. பாதுகாப்பு வலயத்துக்கு அப்பால் மக்களிற் பெரும்பகுதியினர் திரளுக்கு இரையாக விடப்படுகின்றனர். ஏனையோர் உள்ளே காக்கப்படுகின்றனர். மக்கள் எழுச்சிக்கும் நடைபிணத் திரளுக்கும் ஒரே வரைபடம் போதுமாயிற்று என்ற இக்கற்பனை, இவ்விலக்கிய வகையின் அடித்தளத்தையே வெளிக்காட்டிவிடுகின்றது.

இந்நான்கு உபாயங்களுக்கும் பொதுவான முற்கோள் ஒன்று உண்டு. திரளுக்குப் பேச்சில்லை, நினைவில்லை, கையிற் பட்டியல் இல்லை, அதனை ஏவுவாரும் இல்லை. எனவே அதனோடு பேசவேண்டியதில்லை. அதனை அனுப்பியவர் யார் எனக் கேட்கவேண்டியதும் இல்லை. ‘மிருதன்’ படத்தில் இரசாயனத் திரவம் ஒன்றைக் குடித்த நாயிலிருந்து நோய் பரவுகின்றது. உதகமண்டலத்துப் போக்குவரத்துக் காவலன் கோயம்புத்தூருக்குச் செல்லும் வழியெல்லாம் வீரங்காட்டுகின்றான். அத்திரவத்தின் உடைமையாளர் யார் என்ற வினா கதையின் வேகத்திற் பின்தள்ளப்படுகின்றது.

எனினும் இம்முற்கோளை மீறிய படைப்புகளும் உள. றொமேறோவே 2005இல் இயக்கிய ‘பிணங்களின் நிலம்’ படத்திற் செல்வர் மாடக் கோபுரமொன்றில் வாழ்கின்றனர். அவர்களுக்குப் பொருள் திரட்டச் செல்வோர் வாணவேடிக்கையைக் கொளுத்தி நடைபிணங்களை அண்ணாந்து நிற்கச் செய்கின்றனர். ஒரு கட்டத்தில் நடைபிணங்கள் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஆற்றைக் கடந்து கோபுரத்தை நோக்கி நடக்கின்றன. திரளுக்குப் பிரக்ஞை அரும்பிய கணத்திலேயே உபாயம் பயனற்றுப் போகின்றது. மக்களை மயக்கும் கேளிக்கையின் எல்லையை இதனிலும் எளிதாகக் காட்டல் அரிது.

தென் கொரியரான யொன் சங்-ஹோவின் ‘பூசானுக்குப் புகைவண்டி’ (2016) மற்றுமொரு சிறந்த படைப்பு. அதில் நோய்க்கசிவுக்குக் காரணமான நிறுவனத்தைத் தாங்கி நின்றது நிதி முகாமையாளனான கதாநாயகனின் தொழிலே என்பது வெளிப்படுகின்றது. நடைபிணங்கள் இருளிற் காணமாட்டா என அறிந்தோர், வண்டி சுரங்கத்துள் நுழையும் பொழுதுகளிற் பெட்டி பெட்டியாகக் கடந்து வருகின்றனர். அவ்வளவு பாடுபட்டு வந்தவர்களை முன்பெட்டியில் இருந்த பயணிகள், நிறுவன அதிகாரி ஒருவனின் தூண்டுதலால், ஏற்க மறுத்துக் கதவை அடைக்கின்றனர். திரளை வென்ற உபாயம் உயிருள்ளோரின் அச்சத்தின்முன் தோற்கின்றது. ஈற்றில் சுரங்கத்தைக் கடந்து வரும் கர்ப்பிணிப் பெண்ணையும் சிறுமியையும் சுடுவதற்குப் படையினர் குறிபார்த்து நிற்கையில், சிறுமி பாடும் பாட்டே அவர்கள் மனிதர் என்பதற்குச் சான்றாகி உயிரைக் காக்கின்றது. குரல் மனிதத்தின் அடையாளம் என்னும் இம்முடிவை நாம் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

4

இனிக் கொழும்புக்கு வருவோம். 1983 ஜூலை 23ஆந் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்தம் உடல்களை அடக்கம் செய்வதற்கெனப் பொரளைக் கனத்தை மயானத்திற் கூட்டம் திரண்டது. அன்றிரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் 25ஆந் திகதி நகரெங்கும் பரவியது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்றனர் என்பது பரவலாகப் பதிவாகியுள்ளது. அதாவது, அத்திரளுக்கு முகவரி தெரிந்திருந்தது. அது வாசித்தது, விசாரித்தது, பிரித்தறிந்தது.

இத்தகைய திரளின்முன் மேற்கூறிய உபாயங்கள் என்னாயின? மதில் எனின், வெலிக்கடைச் சிறைச்சாலையின் மதிலிலும் உயர்ந்த மதில் நகரில் அரிது. ஜூலை 25, 27 ஆகிய இரு தினங்களிலும் அம்மதிலுக்குள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அடைத்த கதவின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதை மதிலின் உயரம் தீர்மானிப்பதில்லை. திசைதிருப்பல் எனின், முகவரியோடு வந்தோரை எவ்வோசையால் திருப்பமுடியும்? இரை எனின், அது யாரென்று முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

எஞ்சியது வேடம். பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்தனர், தாலியை மறைத்தனர், சிங்களப் பெண்களைப் போலச் சேலை உடுத்தனர். ஆயினும் வேடத்தைக் கலைக்க மழை தேவைப்படவில்லை; ஒரு சொல் போதுமாயிருந்தது. வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்குமாறு கேட்டும், பௌத்த காதைகளை ஒப்புவிக்குமாறு கேட்டும் தமிழரை அடையாளம் கண்டனர். ‘பூசானுக்குப் புகைவண்டி’யிற் சிறுமியைக் காத்த குரல், காலி வீதியில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் குரலாயிற்று.

கற்பனைக்கும் வரலாற்றுக்கும் உள்ள அடிப்படை முரண்பாடு இதுவே என்பது எமது துணிபு. நடைபிணக் கதையில் திரள் ஊமையாகின்றது, தப்புவோர் பேசுகின்றனர். கொழும்பில் திரள் பேசியது, தப்புவோர் ஊமையாயினர். தாய்மொழியை நாவுக்குள் அடக்கி, முகத்தில் உணர்ச்சி தோன்றாது பஸ்ஸிலும் தெருவிலும் நடந்த அம்மக்களே அன்று நடைபிணமாக நடிக்க நேர்ந்தது. ‘நடைபிணம்’ என்ற தமிழ்ச் சொல்லிலுள்ள இரக்கம் அவர்களுக்கே உரியது.

ஷியாம் செல்வதுரையின் ‘பனி போய்’ (1994) என்ற ஆங்கில நாவலின் இறுதிப் பகுதி இவ்வனுபவத்தை நாட்குறிப்பாகத் தருகின்றது. கூட்டம் வருவதை அறிந்த தமிழ்க் குடும்பம் பின்மதிலைக் கடந்து அயலவரான சிங்களக் குடும்பத்தின் வீட்டில் ஒளிந்துகொள்கின்றது. தமது வீடு எரிவதை அங்கிருந்தே உணர்கின்றது. இங்கே மதிலின் பயன் மாறிவிடுகின்றது. தடுப்பதற்கெனக் கட்டப்பட்ட மதில் ஏறிக் கடக்கப்படுவதாற் பயன்படுகின்றது. அதற்கப்பால் ஒரு கதவு திறந்திருந்தமையே குடும்பத்தைக் காத்தது. அந்நாட்களில் எண்ணற்ற குடும்பங்களின் அனுபவமும் இதுவாகவே இருந்தது. நடைபிணக் கதைகளில் அயலவன் கடிபட்டால் எதிரியாகும் ஒருவன். ஆதலின் சந்தேகமே அறிவு எனக் கொள்ளப்படும். கொழும்பின் அனுபவத்தில் அயலவன்மீது வைத்த நம்பிக்கையே பலருக்கு உபாயமாயிற்று. திரள் ஒருபடித்தானதன்று, அது தன் இனமெனக் கூறிக்கொண்ட மக்களிடையிலேயே அதனை மறுத்தோர் இருந்தனர். அப்பிளவைக் கண்டறிவதே உண்மையான மதிநுட்பம்.

5

தப்பிப் பிழைத்தோர் ஈற்றிற் கப்பலேறுவது இவ்வகைக் கதைகளிற் காணப்படும் மற்றுமொரு பொதுக்கூறு. நடைபிணம் கடலைக் கடவாது என்பது நம்பிக்கை. கொழும்புத் துறைமுகத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. 1977 ஆகஸ்ட் மாத வன்செயலின் பின்னர் கொழும்பிலிருந்து வடக்கே சென்ற அகதிக் கப்பலைக் களமாகக் கொண்டு அருளர் எழுதிய ‘லங்கா ராணி’ நாவல் 1978இல் வெளிவந்தது. அதன் கலைக்குறைபாடுகள் ஒருபுறமிருக்க, தப்பிச் செல்வோரையே ஒரு திரளாக, தம்முள் உரையாடும் திரளாக, அது காட்டியமை குறிப்பிடத்தக்கது. நகரில் அடக்கிய பேச்சு கப்பலில் விடுபடுகின்றது. 1983இலும் அதே கடல்வழியில் அகதிகள் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர்.

இதே துறைமுகத்தில் வேறு சிலரும் கப்பலேறியுள்ளனர். ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தது. மக்கள் எழுச்சியைக் கண்ட அமைச்சரவை, துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்ட்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. 2022 ஜூலை 9ஆந் திகதி மக்கள் சனாதிபதி மாளிகையுட் புகுந்தபோது சனாதிபதி கடற்படைக் கப்பலொன்றில் அப்பாற் சென்றார். இருமுறையும் ஆளுவோரின் கண்ணுக்கு வீதியில் வந்தது தின்ன வரும் திரளாகவே தோன்றியிருக்கும்.

அகதியின் கப்பலும் அமைச்சரின் கப்பலும் ஒன்றல்ல. எனினும் நடைபிணக் கதை அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. கப்பலில் நிற்பவன் எவனாயினும் அவனே மனிதன், கரையில் நிற்பவர் யாவராயினும் அவர்கள் பிணங்கள் என்பது அதன் பார்வை. ஹர்த்தால் கூட்டத்தையும் ஜூலைக் கும்பலையும் அது வேறுபடுத்தாது. இவ்வேறுபாட்டை அழிப்பதே இவ்வகை இலக்கியத்தின் கருத்தியற் பணி.

வேறுபடுத்துவதற்கு அளவுகோல் யாது? அதனைத் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், பசித்த பேய்கள் பெருந்திரளாக வருகின்றன. அங்கே ‘பேய் முறைப்பாடு’ என ஒரு பகுதியே உண்டு. பேய்கள் தம் பசியைக் காளியிடம் எடுத்துரைத்து முறையிடுகின்றன. பரணி சோழப் பேரரசின் வெற்றியைப் பாடும் இலக்கியம். பேய்களின் பசிக்குப் போரையே விடையாகக் கூறுவது. அதனை நாம் முற்போக்கு இலக்கியமாக்க முனையவில்லை. ஆயினும் பசித்த திரளுக்கு வாய் உண்டு, அதன் குறையைக் கேட்பதற்கு ஓர் அவை உண்டு என்பதை அவ்வரசவைப் புலவரே ஏற்றிருந்தார். பிற்கால முதலாளித்துவக் கற்பனை பசியை வைத்துக்கொண்டு முறைப்பாட்டை நீக்கிவிட்டது. கொழும்பு நகரத்து ஆவிகளைப் பேசவைத்த ஷெஹான் கருணாதிலகவின் ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கொல்லப்பட்டோர் அலுவலகப் படிகளிற்போல் நெருக்கியடித்துத் தத்தம் வழக்கை உரைக்கும் அந்நாவல், இவ்வகையிற் பரணியின் பேய்களுக்கே அண்மையது.

ஆகவே, திரள் தன் பசியைத் தன் குரலிற் கூறுகின்றதா, அன்றிப் பிறர் எழுதிக்கொடுத்த பட்டியலை வாசிக்கின்றதா என்பதே அளவுகோல். 1953இல் அரிசி விலையே முறைப்பாடாயிருந்தது. 1983இல் தெருவிலிறங்கியோரிடையேயும் வறியோர் இருந்தனர். அவர்களது வறுமை தமிழன் என்ற பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது. 1977இன் பின்னரான திறந்த பொருளாதாரம் சிங்களச் சிறு உற்பத்தியாளரையும் நகர வறியோரையும் எவ்வாறு பாதித்தது, அது இனப்பகைமைக்கு எவ்வாறு உரமாயிற்று என்பதை நியூட்டன் குணசிங்க 1984இலேயே விளக்கியிருந்தார். கொட்டாஞ்சேனையின் வரலாறும் இதற்குத் துணைநிற்கும். 1883 மார்ச் 25ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அங்கே மோதியவை இனத்தாலன்றி மதத்தாற் பிரிந்த பௌத்த, கத்தோலிக்கத் திரள்கள். நூறாண்டின் பின்னர் அவ்வீதிகளிலேயே பிரிகோடு வேறிடத்தில் வரையப்பட்டிருந்தது. திரள் இயற்கையன்று, அது ஆக்கப்படுவது. ஆக்கப்படுவதாயின் அதனை ஆகாமலும் தடுக்கலாம்.

6

அயலவனின் கதவு பலரைக் காத்தது எனக் கண்டோம். அதனைப் போற்றும் அதேவேளை அதன் எல்லையையும் கூறியாகவேண்டும். கதவு திறந்த அயலவர் தனித்தனியே திறந்தனர். அவர்களும் அஞ்சியே திறந்தனர். ஒரு நகரின் உயிர் தனிமனிதரின் நல்லுள்ளத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது.

வெள்ளவத்தையிலேயே மற்றொரு முன்னுதாரணம் உண்டு. 1933இல் வெள்ளவத்தை நூல், நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே சங்கத்தில் நின்றனர். கொல்வின் ஆர். டி சில்வா உள்ளிட்ட இளம் இடதுசாரிகள் தலைமை தாங்கினர். அக்காலத்தில் ஏ. ஈ. குணசிங்க தொழிலாளரிடையே இந்தியருக்கெதிரான, குறிப்பாக மலையாளிகளுக்கெதிரான, உணர்வைக் கிளப்பி வந்தார் என்பதைக் குமாரி ஜயவர்த்தனவின் தொழிலாளர் இயக்க வரலாறு (1972) எடுத்துக்காட்டுகின்றது. ஆலை வாயிலில் நின்ற அத்திரள், தன்னைப் பிளக்க வந்த பட்டியலை வாசிக்க மறுத்த திரள்.

இவ்வரலாற்றை நாம் பொற்காலமாக வரையவில்லை. அவ்வேலைநிறுத்தத்தின் தலைவரே பின்னர் அமைச்சராக நின்று உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிங்களத்தை ஆட்சிமொழியாக நிலைநிறுத்திப் பௌத்தத்துக்கு முதன்மை இடமும் வழங்கியது. இடதுசாரி இயக்கம் தன் ஐக்கியத்தைத் தானே விட்டுக்கொடுத்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின் பல்லாயிரக்கணக்கான ஊழியர் வேலைநீக்கம் செய்யப்பட, தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு முறிந்தது. மூன்றாண்டுகளின் பின் வன்செயல் வீதிக்கு வந்தபோது அதனை எதிர்கொள்ளக்கூடிய அமைப்புரீதியான திரள் எதுவும் நகரில் எஞ்சியிருக்கவில்லை. திறந்த கதவுகள் தனித்தனியாக நின்றமைக்குக் காரணம் இதுவே.

எமது எழுத்தாளர் எவரேனும் வெள்ளவத்தையையோ கொட்டாஞ்சேனையையோ களமாக்கி நடைபிணக் கதை எழுத முற்படுவாராயின் நாம் அதனை வரவேற்போம். மிகைக்கற்பனை யதார்த்தத்துக்குப் பகையன்று. யதார்த்தத்தின் காரணங்களை மறைக்கும் மிகைக்கற்பனையே பகை. ஆனால் அவர் மதில்களின் உயரத்தையும் வெடிகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுவதோடு நின்றுவிடலாகாது. திரள் எந்த ஆலையிலிருந்து, எந்தச் சேரியிலிருந்து, யாருடைய லொறியில் வந்தது என எழுதவேண்டும். பட்டியல் எந்த அலுவலகத்தில் தட்டச்சாகியது என எழுதவேண்டும். ஊமையாக நடக்க நேர்ந்தவளின் நாவில் அடங்கிக்கிடந்த சொல் எது என எழுதவேண்டும். பக்கத்து வீட்டுக் கதவு ஏன் திறந்தது என்பதோடு, தெருவிலுள்ள ஏனைய கதவுகள் ஏன் திறக்கவில்லை என்பதையும் எழுதவேண்டும். இவ்வினாக்களைக் கேட்கும் கதையில், தப்பிப் பிழைக்கும் உபாயம் ஒருவனது கூர்மதியாக இராது. பலர் கூடி முன்னரே செய்துவைக்கவேண்டிய வேலையாக இருக்கும்.